மலையில் போன மண் எங்கே போகிறது?

(நிலமும் நீரும் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இரவு முழுவதும் கனத்த மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், உங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தின்மேல் நின்று கீழே பார்த்திருப்பீர்கள். ஆறு தே தாரிக் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 'ஆறு கலங்கிப் போயிருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாமும் நம் வேலைக்குப் போய்விடுவோம். நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் புவியியல் பாடம் நடத்தியவன். புதிய வகுப்புக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அந்த நிறம் எங்கிருந்து வந்தது?"

மாணவர்கள் 'சேறு' என்பார்கள். சேறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'கரையிலிருந்து' என்பார்கள். கரை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அப்போது நான் சொல்வேன்: "பாலத்துக்கு அடியில் ஓடுவது தண்ணீர் மட்டுமல்ல. ஒரு மலை அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை பேர் பார்த்தும் யாருக்கும் அது தெரியவில்லை!"

நேயர்களே, காற்றும் நீரும் நிலத்தை எப்படி உருவாக்குகின்றன என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். பாடநூலில் இதை இரண்டு சொற்களில் சொல்லிவிடுவார்கள். ஒன்று அரிப்பு, மற்றொன்று படிவு. மாணவர்கள் இதை இரண்டு தனிப் பாடங்களாக மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறந்துவிடுகிறார்கள். உண்மையில் இவை இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் பற்றும் வரவும் போன்றவை. ஓரிடத்தில் எடுத்தது இன்னோரிடத்தில் வைக்கப்பட்டே ஆக வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் நம் ஊர் எப்படி உண்டானது என்பதும் தெரியும், நம் வீட்டுக்குள் ஏன் வெள்ளம் வருகிறது என்பதும் தெரியும்.

அரிசி அரிப்பதும் ஆறு அரிப்பதும்

'அரித்தல்' என்ற நம் தமிழ்ச் சொல்லைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் நம் பாட்டிமார்கள் சமையலுக்கு முன் அரிசியை அரிப்பார்கள். அரிசியைத் தண்ணீரில் போட்டுச் சட்டியை மெல்ல ஆட்டி ஆட்டி ஊற்றும்போது, அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியிலேயே தங்கும். முறத்தில் புடைக்கும்போதும் அப்படித்தான். உமியைக் காற்று கொண்டுபோகும், மணி கீழே விழும். ஆறும் காற்றும் மலையை அரிக்கும்போது நடப்பது இதே வேலைதான். கனமானதைக் கிட்டேயும் இலேசானதைத் தூரத்திலும் வைத்துவிட்டுப் போகின்றன.

பேராக்கில் உள்ள கோர்பு மலையை எடுத்துக்கொள்வோம். 2,183 மீட்டர் உயரமுள்ள இந்த மலை, தீபகற்பத்தின் முதுகெலும்பாகிய தீத்திவங்சா மலைத்தொடரில் இருக்கிறது. அங்கிருந்துதான் கிந்தா ஆறு இறங்குகிறது. மலை முழுவதும் கருங்கல், அதாவது கிரானைட். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் குழம்பாக இருந்து இறுகிய கல் இது. இதை எந்த ஆறும் நேரடியாக வெட்டிவிட முடியாது. முதலில் கல் மக்க வேண்டும். நம் நாட்டின் வெயிலும் மழையும் அந்த வேலையை வேகமாகச் செய்கின்றன. கருங்கல்லில் உள்ள ஒரு வகைத் தாது களிமண்ணாக மாறிவிடும். படிகக்கல் மட்டும் மாறாமல் உதிர்ந்து மணலாகும். நம் மலைகளில் சில இடங்களில் பல மீட்டர் ஆழம் வரை கல் இப்படி மக்கிச் செம்மண்ணாகக் கிடக்கிறது.

அடுத்த வேலை மழைத்துளியுடையது. பெரிய மழைத்துளி ஒன்று மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையில் மோதுகிறது. மேலே காடு இருந்தால் இலைகளும் சருகும் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். மொட்டைத் தரையாக இருந்தால் ஒவ்வொரு துளியும் மண்ணைத் தெறிக்கவிடும். தெறித்த மண்ணை ஓடும் நீர் எடுத்துக்கொள்ளும். சிறு வாய்க்கால், பிறகு ஓடை, பிறகு ஆறு என்று பயணம் தொடங்கிவிடும்.

மலைச்சரிவில் ஆறு வேகமாக ஓடும். வேகம் கூடினால் சுமக்கும் ஆற்றலும் கூடும். இந்தக் கணக்கு நாம் நினைப்பது போன்றதல்ல. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது நகர்த்தக்கூடிய கல்லின் எடை கோட்பாட்டளவில் 64 மடங்காகிறது என்பது பழைய நிலவியல் விதி. வெள்ள நேரத்தில் லோரி அளவுள்ள பாறைகள்கூட இடம் மாறிக் கிடப்பதன் காரணம் இதுதான். மலையடிவாரத்தில் சரிவு குறைகிறது, ஆறு வேகம் இழக்கிறது, கையில் உள்ளதை ஒவ்வொன்றாகக் கீழே வைக்கிறது. முதலில் பெரிய கற்கள், அடுத்துச் சரளை, பிறகு மணல், அதன்பின் வண்டல், கடைசியில் கடலோரத்தில் களி. ஆற்றங்கரை நெடுக நடந்து போனால் காலுக்கடியிலேயே இந்த வரிசையைப் பார்க்கலாம்.

ஈயம் கொடுத்த ஆறு

இந்த வரிசையில் ஒரு பொருள் மட்டும் தனியாக நடந்துகொண்டது. அதுதான் ஈயத்தாது. மணல் தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமான கனம் உடையது. ஈயத்தாதோ ஏறத்தாழ ஏழு மடங்கு கனம். கருங்கல் மலை மக்கி உதிர்ந்தபோது அதிலிருந்த ஈயத்தாதையும் ஆறு இழுத்து வந்தது. மணலும் களியும் தூரம் போயின. ஈயம் போக முடியாமல் கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் தங்கிவிட்டது. அரிசி அரிக்கும் சட்டியில் கல் தங்குவது போலத்தான் இதுவும்.

அங்கே இன்னொரு வசதியும் இருந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் தரை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. சுண்ணாம்புக்கல் நீரில் கரைந்து குண்டும் குழியுமாக இருந்ததால், அந்தக் குழிகளில் ஈயத்தாது இறங்கிச் சேர்ந்துகொண்டது. பல இலட்சம் ஆண்டுகள் ஆறு செய்த இந்த வேலையால்தான் கிந்தா பள்ளத்தாக்கு உலகின் வளமான ஈய வயல்களில் ஒன்றாயிற்று. ஈப்போ, பத்து காஜா, கோப்பெங், கம்பார் எல்லாம் அந்தப் படிவின்மேல் எழுந்த ஊர்கள். ஈய லம்பத்தில் துலாங் என்னும் மரத்தட்டைச் சுழற்றி ஈயம் எடுத்த பெண்கள் ஆற்றின் அதே வித்தையைத்தான் கையால் செய்தார்கள். பத்து காஜாவுக்கு அருகில் பழைய ஈயவாரிக் கப்பல் ஒன்று காட்சிக்காகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 1938-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1982 வரை வேலை செய்தது. அதுவும் ஒரு பெரிய துலாங் தட்டுதான்.

சுண்ணாம்புக்கல்லைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பத்துமலைக்குப் போகாத தமிழர் இந்த நாட்டில் குறைவு. 272 படிகள் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு குகைக்குள் நிற்கும்போது, மேலே திறந்திருக்கும் துவாரத்தின் வழியாக வெளிச்சம் விழும். அந்தக் குகையை யாரும் வெட்டவில்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. அது கல்லின் வெடிப்புகளில் இறங்கிக் கல்லையே கரைக்கிறது. பத்துமலையின் கல் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. படிந்த கல்லைக் கரைத்துக் குகை செய்த அதே நீர், கரைத்த சுண்ணாம்பைக் கூரையிலிருந்து துளித்துளியாக விட்டு விழுதுகளாகவும் தூண்களாகவும் வைக்கிறது. எடுப்பதையும் வைப்பதையும் ஒரே கூரையின்கீழ் பார்க்க வேண்டுமானால், அடுத்த தைப்பூசத்தன்று சற்று நிமிர்ந்து பாருங்கள்.

இந்தக் கரைப்பில் ஆபத்தும் இருக்கிறது. 1973-ஆம் ஆண்டு அக்டோபரில் ஈப்போ குனோங் சேரோவில் சுண்ணாம்புப் பாறை ஒன்று பிளந்து, அடிவாரத்தில் இருந்த நீண்ட வீட்டின்மேல் விழுந்தது. ஏறத்தாழ நாற்பது பேர் உயிரிழந்தார்கள். நின்ற இடத்தில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும் மலையின் வெடிப்புகளில் நீர் நாள்தோறும் வேலை செய்துகொண்டிருக்கிறது. குன்றின் அடியில் வீடு கட்டுபவர்களும் கடை போடுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கடல் பின்வாங்கிய கடாரம்

கிந்தா ஆறு பேராக் ஆற்றில் கலக்கிறது. பேராக் ஆறு தெலுக் இந்தானைச் சுற்றி வளைந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. அந்த வட்டாரம் முழுவதும் ஆறு கொண்டுவந்து கொட்டிய மென்மையான மண். இதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, ஊர் நடுவிலேயே சாட்சி நிற்கிறது. 1885-இல் கட்டப்பட்ட தெலுக் இந்தான் கோபுரம், உச்சியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் பாரத்தைக் கீழேயுள்ள மண் தாங்காததால் சாய்ந்துவிட்டது. சுற்றுப்பயணிகள் அதைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். நான் மாணவர்களை அழைத்துப் போனால், 'கோபுரத்தைப் பார்த்தது போதும், காலடியில் இருப்பதைப் பாருங்கள்' என்பேன்.

மலாக்கா நீரிணையில் அலை குறைவு. ஆகவே ஆறுகள் கொண்டுவரும் களி கரையோரத்தில் அமைதியாகப் படிகிறது. அங்கே அலையாத்தி மரங்கள் வேர் பரப்பி நீரின் வேகத்தைத் தடுக்கின்றன. வேகம் தடைபட்டால் மேலும் சேறு படியும், சேறு படிந்தால் மேலும் மரம் முளைக்கும். இப்படி நிலம் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. இதோடு, ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீபகற்பத்தின் ஓரத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயரத்தில் இருந்து, பிறகு மெல்ல இறங்கியது. மலாய் மொழியில் 'பெர்மாத்தாங்' என்றால் மணல்மேடு. பினாங்குப் பெருநிலத்தில் பெர்மாத்தாங் பாவ் போன்ற ஊர்ப் பெயர்கள், ஒரு காலத்தில் கடற்கரை அங்கே இருந்ததைச் சொல்கின்றன.

இன்னும் வடக்கே போனால் நமக்கு நெருக்கமான இடம் வரும். இராசேந்திர சோழனின் கடற்படை 1025-இல் கடாரத்தின்மேல் படையெடுத்தது. கடாரம் என்று நம் கல்வெட்டுகள் சொல்வது கெடா. அங்கே குனோங் ஜெராய் மலையின் அடியில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய வணிகத் துறைகளின் சின்னங்களையும் கோயில் அடித்தளங்களையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இன்று போய்ப் பார்த்தால் சுற்றிலும் வயலும் செம்பனையும்தான். கப்பல் எங்கே வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கப்பல் வந்த நீர்வழியை ஆறுகளின் வண்டல் நிரப்பிவிட்டது. கடல் தள்ளிப் போய்விட்டது. ஒரு பெரிய துறைமுகத்தின் கதை முடிந்ததற்கு அரசியலும் வணிகமும் காரணங்களாக இருந்திருக்கலாம். ஆனால் துறையை மூடிய கை வண்டலுடைய கை.

காற்றின் கைவேலை

நம் நாட்டின் கிழக்குக் கரையின் கதை வேறு. அங்கே தென்சீனக் கடல் திறந்து கிடக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது பெரிய அலைகள் எழும். அலை களியைத் தங்கவிடாமல் கழுவிக்கொண்டு போய்விடும், மணலை மட்டும் விட்டுவைக்கும். அதனால்தான் மேற்கே சேற்றுக் கரை, கிழக்கே வெண்மணல் கரை. அலையை எழுப்புவது காற்று. ஆகவே திரங்கானு, பகாங் கடற்கரைகளை வடித்ததில் காற்றுக்கும் பங்கு உண்டு.

ஆனால் காற்று தானே நேராக நிலத்தைத் தூக்கிச் சென்று மலைபோல் குவித்த இடத்தை இந்த நாட்டில் காண்பது அரிது. காற்று மண்ணைத் தூக்க வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் உண்டு. மண் காய்ந்திருக்க வேண்டும், பிணைப்பில்லாமல் உதிரியாக இருக்க வேண்டும், மேலே செடி கொடி இருக்கக்கூடாது. ஆண்டுக்குச் சராசரி 2,500 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் நாட்டில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வதில்லை.

இதைப் பார்க்க வேண்டுமானால் நம்மில் பலருடைய தாத்தாமார்கள் கப்பல் ஏறி வந்த தென்பாண்டிச் சீமைக்குப் போக வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தில் செக்கச் சிவந்த மணற்குன்றுகள் இருக்கின்றன. அவற்றைத் 'தேரி' என்பார்கள். மணல் துகள்களின்மேல் இரும்புத் துரு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாக வறண்ட காற்று வேகமாக இறங்குகிறது. அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மணலை ஓட்டி ஓட்டிக் குவித்த மேடுகள் இவை. மணல் துகள் புழுதியைப் போல உயரப் பறப்பதில்லை. தரையையொட்டித் தத்தித் தத்திப் போகும். ஒரு புதரோ மேடோ தடுத்தால் அங்கே விழும். விழுந்த மணலே அடுத்து வரும் மணலுக்குத் தடையாகும். குன்று வளரும், வளர்ந்த குன்று நகரவும் செய்யும்.

நகரும் மணலை ஊர்மக்கள் எதைக்கொண்டு நிறுத்தினார்கள்? பனை, முந்திரி, உடைமரம் போன்றவற்றை வளர்த்து நிறுத்தினார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் பேர்போன பனைகள் நிற்பது அந்தத் தேரி மண்ணில்தான். காற்றானாலும் நீரானாலும் விதி ஒன்றுதான். மூடியிருக்கும் மண்ணை அது மெதுவாக எடுக்கும். திறந்து கிடக்கும் மண்ணை அள்ளிக்கொண்டு போகும்.

கணக்கு தவறும்போது

இவ்வளவு நேரமும் இயற்கையின் கணக்கைச் சொன்னேன். இயற்கை எடுத்ததும் வைத்ததும் மெதுவாக நடந்ததால், அதன்மேல் ஊர் கட்டி வாழ முடிந்தது. நாம் செய்தது என்ன? எடுக்கும் பக்கத்தை முடுக்கிவிட்டோம். வைக்கும் பக்கத்தை நினைத்தே பார்க்கவில்லை.

சிலாங்கூரில் கோலகுபு என்று ஒரு பழைய ஊர் இருந்தது. 1883-இல் அங்கிருந்த அணை உடைந்து பெரும் சேதம் ஏற்பட்டது. அந்த இடத்துக்கு 'அம்பாங் பெச்சா', அதாவது 'உடைந்த அணை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகும் மேலே மலைப்பக்கத்தில் ஈயம் தோண்டிய கழிவு மண் ஆற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆற்றின் தரை உயர்ந்தது. தரை உயர்ந்த ஆறு ஊருக்குள் புகுந்தது. வெள்ளமும் மணலும் மீண்டும் மீண்டும் வந்ததால், கடைசியில் ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1920-களில் முடிவெடுத்துக் கட்டிய அந்தப் புதிய ஊர்தான் இன்றைய கோலகுபு பாரு. 'பாரு' என்றால் புதிது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மண்ணில் புதைந்த ஓர் ஊர் இருக்கிறது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். கேமரன் மலையில் ரிங்லெட் நீர்த்தேக்கம் 1963-இல் கட்டிய அணையால் உண்டானது. நீரைத் தேக்கி மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டியது. மேலே சரிவுகளில் காட்டை வெட்டி மண்ணைத் திறந்துவிட்டோம். காய்கறித் தோட்டத்து மண்ணும் கட்டுமான மண்ணும் மழையோடு இறங்கி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. தண்ணீருக்கு இடமில்லாத தேக்கம், கனமழை பெய்தால் நீரைத் திறந்துவிட்டே ஆக வேண்டும். 2013 அக்டோபரில் ஓர் இரவு அப்படித் திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்தது. உயிர்கள் பறிபோயின. நாம் மலைக்குப் போய் மலிவாக முட்டைக்கோசு வாங்கி வருகிறோம். அதன் விலையில் சேராத ஒரு பகுதியைக் கீழே இருப்பவர்கள் கட்டுகிறார்கள்.

2021 டிசம்பர் மாதம் நம்மில் பலருக்கு மறக்காது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் மேல்மாடியிலும் கூரையிலும் காத்திருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், கல்யாண ஆல்பம், குளிர்பெட்டி எல்லாவற்றின் மேலும் சேறு. தண்ணீர் போய்விட்டது, மண் மட்டும் ஏன் தங்கியது? ஓட்டம் நின்ற இடத்தில் ஆறு சுமையை இறக்கி வைக்கும் என்று சொன்னேனே, அதுதான். அன்று இரண்டு நாளில் பெய்த மழை அசாதாரணமானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வட்டாரம் கிள்ளான் ஆறு தன் வண்டலால் உண்டாக்கிய தாழ்நிலம். ஆறு உண்டாக்கிய சமவெளிக்கு ஆறு என்றாவது ஒருநாள் திரும்பி வரும். கோலாலம்பூர் என்ற பெயருக்கே 'சேற்று ஆற்றுமுகம்' என்றுதான் பலரும் பொருள் சொல்கிறார்கள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கும் இடத்துக்குப் பெயர் வைத்தவர்கள் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

கணக்கு மற்றப் பக்கமும் தவறலாம். கடற்கரை மணல் நிலையாக நிற்பதில்லை. அலை சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். ஓரிடத்தில் போனதை வேறிடத்திலிருந்து வருவது ஈடுகட்டும். கோலத்திரங்கானுவில் 2000-களின் பிற்பகுதியில் விமான ஓடுபாதையைக் கடலுக்குள் நீட்டிக் கட்டினார்கள். நகர்ந்து வந்த மணலின் வழி மறிபட்டது. அதற்கு வடக்கே தோக் ஜெம்பால் கரைக்கு வரவு நின்றுபோனது, செலவு மட்டும் தொடர்ந்தது. மரங்களும் சாலையும் கட்டடங்களும் கடலுக்குப் போயின. பிறகு கற்களைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று.

அப்பாவின் மண்குழி

நேயர்களே, இனி என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் அப்பாவுக்குக் கித்தாக் காட்டில் வெளிக்காட்டு வேலை. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். சரிவில், மரங்களுக்கு நடுவே, நீளவாக்கில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாக் குழிகளும் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் இருந்தன. "மரம் நட வாப்பா?" என்று கேட்டேன்.

"மரத்துக்கு இல்லடா, மண்ணுக்கு," என்றார். "மழ பேஞ்சா மண்ணு ஓடி வரும். இந்தக் குழியில நின்னுச்சுன்னா நம்ம மரத்துக்கு. ஓடிப் போயிருச்சுன்னா ஆத்துக்கு. அப்புறம் யாரு போயி அள்ளிக்கிட்டு வர்றது?"

அப்போது எனக்குப் புரியவில்லை. பிற்காலத்தில் ஆசிரியரான பிறகுதான் படித்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கித்தாத் தோட்டங்களில் ஒரு புல்கூட இல்லாமல் தரையைச் சுத்தமாகச் செதுக்கி வைப்பதுதான் நல்ல நிர்வாகம் என்று நினைத்தார்கள். செதுக்கியவர்கள் நம் மக்கள். மழையில் மேல்மண் எல்லாம் ஓடிப்போன பிறகுதான் தவறு தெரிந்தது. அதன்பின் சரிவுக்குக் குறுக்கே படிமேடை வெட்டினார்கள், மண்குழி எடுத்தார்கள், தரையை மூட அவரை இனத்துக் கொடிகளைப் பரப்பினார்கள். வெட்டியவர்களும் பரப்பியவர்களும் அதே நம் மக்கள்தான். இந்த நாட்டின் மண்ணை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தியதில் நம் பெற்றோர்களின் கைக்கும் பங்குண்டு. வரலாற்று நூல்கள் பால்வெட்டியதைச் சொல்கின்றன. மண்குழி வெட்டியதையும் நாம் சொல்ல வேண்டும்.

அப்பா கேட்ட கேள்வியில் முழுப் பாடமும் இருக்கிறது. மண்ணை மலையில் பிடித்தால் ஒரு மண்வெட்டி போதும். ஆற்றில் பிடிக்க இயந்திரம் வேண்டும். நீர்த்தேக்கத்தில் சேர்ந்த பிறகு எடுக்கக் கோடிக்கணக்கான ரிங்கிட் வேண்டும். வீட்டுக்குள் வந்துவிட்டால் குடும்பமே கண்ணீரோடு வாளியைத் தூக்க வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, வீடு வாங்கும்போது விலை, வங்கிக்கடன், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம். அந்த நிலத்தை உண்டாக்கியது எது என்றும் கேளுங்கள். பழைய ஆற்றுச் சமவெளியா, வெட்டிய குன்றின் அடிவாரமா, ஈய லம்பத்தை மூடிய மண்ணா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களை விசாரியுங்கள். அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, உங்கள் வட்டாரத்தில் கட்டுமானத்துக்காக மண்ணைத் திறந்தால், வண்டல் தேங்கும் குட்டை வெட்டியிருக்கிறார்களா, சரிவை மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். மழை பெய்த அன்று அங்கிருந்து வரும் கால்வாயின் நிறத்தைப் பாருங்கள். தே தாரிக் நிறமாக இருந்தால் படம் எடுத்து நகராண்மைக் கழகத்துக்கு எழுதுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் எழுதினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு முழம் மண் இருந்தாலும் அதை மொட்டையாக விடாதீர்கள். புல்லாவது வளரட்டும்.

அரிப்பை முற்றாக நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மலை தேயத்தான் வேண்டும். அது தேய்ந்ததால்தான் நமக்கு வயலும் ஊரும் ஈயமும் கிடைத்தன. ஆறு பல்லாயிரம் ஆண்டுகளில் செய்ய வேண்டியதை நாம் பத்தே ஆண்டுகளில் செய்து முடித்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

நாளைக் காலையில் பாலத்தைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்று ஆற்றைப் பாருங்கள். உங்கள் பிள்ளை உடன் இருந்தால், 'அந்த நிறம் எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இருவரும் சேர்ந்து ஆற்றின் மேல்பக்கம் பாருங்கள்.